ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மலையாளம்: கடை பிடிக்கப் போன வழி

என் சகலை முத்தையாவை ராஜபாளையத்தில் எல்லாரும் "மலையாளத்தார்" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மலை தாண்டிப் போனதற்கு அதுதான் காரணம். தீர்த்தயாத்திரை, தேச சஞ்சாரம் என்று ஏதாவது சொல்லி ஆரம்பித்தால் கட்டுரைக்கு அழகாக இருக்கும். ஆனால் இதை வாசித்துவிட்டு அதே வழியில் வண்டி கட்டப் போகிறவர்களிடம் முதல் வரியிலேயே பொய் சொல்வானேன்? வயிற்றெரிச்சலில்தான் போனேன்.

முத்தையாவும் நானும் அக்காள் தங்கையைக் கட்டியவர்கள். மாமாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிப் பக்கம் ஜவுளிக்கடை. மூத்த மகள் வள்ளி என் மனைவி. நாங்கள் அதே ஊர். இளையவள் செல்லம் ஏழு மைல் தள்ளி ராஜபாளையத்தில் முத்தையா வீட்டில் இருக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் மாமாவிடம் வேட்டி, சேலை எடுத்து வெளியூரில் விற்கிறவர்கள். நான் வத்திராயிருப்புப் பக்கம் வெயிலில் அலைந்துவிட்டுக் கறுத்துப்போய் வருவேன். அவர் மூன்று வருஷமாக மாதம் ஒரு தடவை மலையாளம் போய்விட்டு வந்துகொண்டிருந்தார். வரும்போது பலாப்பழம், நேந்திரங்காய் வறுவல், ஒரு தகரம் நிறையத் தேங்காய் எண்ணெய். அதில் ஒரு பங்கு தவறாமல் என் வீட்டுக்கும் வந்துவிடும். அதுதான் எனக்குத் தாங்காது.

"தங்கச்சி தலையைப் பாத்தியளா?" என்பாள் வள்ளி. "மலையாளத்து எண்ணெய். முடி முழங்காலத் தொடுது."

செல்லத்துக்குக் கல்யாணத்தன்றே அவ்வளவு முடி இருந்தது. ஊரே பார்த்தது. இருந்தாலும் எண்ணெய்க்குத்தான் பேர்.

இங்கிலீஷ் மகாராணி காலமானதற்கு அடுத்த வருஷம், தைப் பொங்கல் கழிந்த வாரம், மாமா எங்கள் இருவரையும் கடைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். திருவனந்தபுரத்தில் பெரிய ஜவுளி முதலாளி ஒருவர் நம் ஊர் வேட்டியை வருஷம் முழுக்கக் கொள்முதல் செய்ய நினைக்கிறாராம். ஆனால் ஒரு நிபந்தனை சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"மலையாளத்துல கடை பிடிச்சு உக்காந்திருக்க ஆளுகிட்டத்தான் சரக்கு எடுப்பாகளாம். ஏதாச்சும் வழக்கு வம்புன்னா அங்கயே வச்சுப் பேசுறதுக்கு ஒரு எடம் வேணும்லா" என்றார் மாமா. "முத்தையா மாப்ளைக்கு அங்க கடை இருக்கு. மாசிக் கடைசில அவுக காரியஸ்தர் நேர்ல வாராரு. அதுக்குள்ள வேற யாருக்காச்சும் அங்க கடை அமைஞ்சா, அதையும் சொல்லுவோம்."

அந்த "வேற யாருக்காச்சும்" என்னைப் பார்த்துப் பாவப்பட்டுச் சொன்னது. இந்தக் கொள்முதல் யார் கைக்குப் போகிறதோ, மாமாவுக்குப் பிறகு அவர்தான் கடைக்குப் பெரியவர் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். மூத்த மருமகன் நான். முத்தையா தலையைக் குனிந்து வெற்றிலையை மடித்துக்கொண்டே அடக்கமாகச் சிரித்தார். மனிதர் கொஞ்சம் பீற்றிக்கொண்டாலாவது திட்டித் தீர்க்கலாம். அந்த அடக்கத்தை என்ன செய்வது?

நான் வண்டி பேசினேன்.

கிளம்புமுன் ஒன்று. எங்கள் பக்கத்தில் மலைக்கு மேற்கே இருப்பதெல்லாம் மலையாளம். அடிவாரத்துச் செண்பகத்தோப்பில் நின்று மலையைக் காட்டி, "அங்கிட்டு எறங்குனா மலையாளம்" என்போம். மிளகு மலையாளத்திலிருந்து வரும், சாரல் மலையாளத்திலிருந்து வரும், பில்லி சூனியமும் அங்கிருந்துதான் வரும். அங்கே எத்தனை ராஜா, எது யாருடைய சீமை, எந்தக் கோர்ட்டு எதுவரைக்கும் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. நீங்கள் கேட்டுக்கொண்டு போங்கள்.

வண்டிக்காரர் காசிம் ராவுத்தர், ராஜபாளையத்துக்காரர். கொல்லம் வரை போக வரப் பதினெட்டு ரூபாய். மாட்டுக்கு வைக்கோலும் பருத்திக்கொட்டையும் அவர் பொறுப்பு. கூண்டு வண்டிதான் பேச வேண்டும். திறந்த வண்டியில் போனால் மலையில் சரக்கு நனைந்துவிடும். இரண்டு பொதி வேட்டி, வத்திராயிருப்பு அரிசி அரை மூட்டை, ஊறுகாய் ஒரு ஜாடி ஏற்றிக்கொண்டு விடியற்காலை கிளம்பினோம். அரிசி அவசியம். மலைக்கு அப்புறம் கிடைக்கிற சிவப்புக் குண்டரிசி நம் வயிற்றோடு ஒரு வாரம் சண்டை போடும்.

ராஜபாளையத்தில் வண்டி முத்தையா வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். வேறு தெரு இருக்கிறதா என்று கேட்டேன். காசிம் ராவுத்தர் காதில் விழாத மாதிரி ஓட்டினார். முத்தையா வாசலுக்கு வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, மலையாளம் போறியளாமே! சுகமாப் போயிட்டு வாங்க. ஒண்ணே ஒண்ணு. பொகையில மட்டும் கொண்டு போகாதிய. எல்லையில புடுங்கிருவான்."

எனக்கு வெற்றிலையோடு புகையிலை இல்லாவிட்டால் பொழுது போகாது என்பது அவருக்குத் தெரியும். நான் சிரமப்பட வேண்டும் என்றே சொல்கிறார் என்று நினைத்தேன். கடைத்தெருவில் வண்டியை நிறுத்தி, இருந்ததோடு இன்னும் இரண்டு கட்டு வாங்கினேன். ராஜபாளையத்து வெள்ளை நாய்கள் ஊர் எல்லை வரை குரைத்துக்கொண்டே வந்து வழியனுப்பின.

அங்கிருந்து செங்கோட்டை சுமார் நாற்பத்தைந்து மைல். சாலை நல்ல சாலை. இடது கைப் பக்கம் பருத்திக்காடு, வலது கைப் பக்கம் மலை கூடவே வரும். முதல் இரவு சிவகிரியிலும் இரண்டாம் இரவு கடையநல்லூரிலும் தங்கினோம். கடையநல்லூரில் காசிம் ராவுத்தருக்குச் சொந்தக்காரர்கள் இருந்ததால் எங்களுக்குச் சுடச்சுட ஆப்பமும் மாட்டுக்குப் புல்லும் சும்மாவே கிடைத்தன. மற்றவர்கள் சாவடியில் ஆளுக்கு ஓர் அணா வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் தென்காசியைத் தாண்டிச் செங்கோட்டைக்குள் நுழையுமுன் ஒரு சுங்கச் சவுக்கை. சங்கு முத்திரை போட்ட வில்லையை மார்பில் மாட்டிக்கொண்டு ஒரு சேவகன் வண்டியை மறித்தான். வேட்டிப் பொதியைத் தொட்டுப் பார்த்து விட்டுவிட்டான். அதற்கு வரி கிடையாது. புகையிலைக் கட்டுகள் அவன் கண்ணில் பட்டதும் முகம் மலர்ந்தது.

"இது மகாராஜா சீமை. இங்க பொகையில சர்க்கார் சரக்கு. அங்கிட்டு வாங்குனத இங்கிட்டுக் கொண்டாரப்பிடாது" என்றான், சுத்தமான திருநெல்வேலித் தமிழில்.

"மலையே இன்னும் வரலையேப்பா. அதுக்குள்ள மலையாளம் எப்படி வரும்?" என்றேன்.

"மலையாளம்னு நான் எங்க சொன்னேன்? மகாராஜா சீமைன்னுல்லா சொன்னேன்."

புகையிலை போன ஆத்திரத்தில் அந்தப் பேச்சு என் மண்டையில் ஏறவில்லை. இரட்டிப்பாக வாங்கிக்கொண்டு வந்தது முழுவதும் அவன் அறைக்குள் போய்விட்டது. முத்தையா சொன்னது சரியாகப் போய்விட்டதே என்று வேறு எரிந்தது.

செங்கோட்டைக் கடைத்தெருவில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நிறுத்தினோம். நல்ல ஊர். தென்காசியில் கேட்ட அதே பேச்சு, அதே கோலம், அதே இட்டிலி. அப்படியே நடந்துகொண்டிருந்தவன் ஒரு ஜவுளிக்கடை முன்னால் நின்றுவிட்டேன். தொங்கியதெல்லாம் எங்கள் மாமா கடை வேட்டி. அந்தச் சிவப்புக் கரை எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும்.

"கடை யாருது?" என்று உள்ளே இருந்தவரைக் கேட்டேன்.

"ராஜபாளையத்து முத்தையா மொதலாளி கடை. மாசத்துக்கு ஒரு தரம் அவிய வந்து கணக்குப் பாத்துட்டுப் போவாக."

"இங்கிருந்து மலை தாண்டிப் போவாரோ?"

கடைக்காரர் சிரித்தார். "மலையா? அவியளுக்கு ஏத்தம் ஏறுனாலே வயித்தப் பொரட்டிரும். ஒரு தரம் மலையடியில இருக்க புளியரை வரைக்கும் போயிட்டு, வண்டிய விட்டு எறங்கி நடந்தே திரும்பி வந்தாக. பலாப்பழம், எண்ணெய் எல்லாம் இங்க சந்தையிலயே வாங்கிக்கிடுவாக."

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது என்று எழுதினால் குறைவு. மூன்று வருஷமாக ராஜபாளையம் முழுக்க மலையாளத்தார், மலையாளத்தார் என்று கொண்டாடிய மனிதர் மலையை ஏறியதே இல்லை! தென்காசிக்கு அங்கிட்டு ஐந்து மைலில் உட்கார்ந்து நேந்திரங்காய் வறுவல் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறார். அன்று சாப்பிட்ட சாப்பாடு போல ருசியாக நான் எங்குமே சாப்பிட்டதில்லை. காசிம் ராவுத்தருக்கும் ஒரு இலை போடச் சொன்னேன்.

"என்ன மொதலாளி, பொகையில போனதுக்கா விருந்து?" என்றார்.

"பொறவு சொல்லுதேன். நீரு மாட்டப் பூட்டும். நாம நெசமான மலையாளத்துக்குப் போறோம்."

புளியரையில் ஏற்றத்துக்கு இன்னொரு ஜோடி மாடு வாடகைக்கு எடுக்க வேண்டும். பன்னிரண்டு அணா கேட்பார்கள், பேசாமல் கொடுத்துவிடுங்கள். ஆரியங்காவு வரை வழி நெடுக ரயில் பாதைக்காக மலையைக் குடைந்துகொண்டிருக்கிறார்கள். வெடி வைக்குமுன் கொம்பு ஊதுவார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு மாட்டின் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். நடந்தால் காலில் அட்டை ஏறும். கொஞ்சம் சுண்ணாம்பு தடவினால் விழுந்துவிடும். இது எல்லாவற்றையும் நான் சந்தோஷமாக அனுபவித்தேன். ஒவ்வொரு வளைவிலும், "முத்தையா இதைப் பார்க்கவில்லை" என்று சொல்லிக்கொண்டேன்.

புனலூரில் ஆற்றுக்கு மேல் சங்கிலியில் தொங்குகிற பாலம் ஒன்று இருக்கிறது. வண்டி ஏறியதும் லேசாக அசையும். காசிம் ராவுத்தர் இறங்கி மாட்டைப் பிடித்துக்கொண்டு பிஸ்மி சொல்லி நடந்தார். நான் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். முத்தையா இதையும் பார்க்கவில்லை.

மலைக்கு அப்புறம் எனக்குப் பிடிக்காத விஷயம் ஒன்று. அங்கே நம்மை எல்லாரும் "பாண்டி" என்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் என்று சொன்னாலும் பாண்டி, கோயம்புத்தூர்க்காரனும் பாண்டி, தஞ்சாவூர்க்காரனும் பாண்டி. பாண்டிய ராஜா போய் எத்தனை தலைமுறை ஆயிற்று? நமக்கு ஜில்லா இருக்கிறது, தாலுகா இருக்கிறது, தனித்தனிக் கோர்ட்டு கச்சேரி இருக்கிறது. ஒன்றையும் விசாரிக்காமல் மொத்தமாக ஒரு பேரைத் தூக்கிப் போடுகிறார்களே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஊரிலிருந்து கிளம்பிய ஏழாம் நாள் கொல்லம் வந்தது. கடைத்தெருவில் வாடகை கேட்டால் தலை சுற்றுகிறது. ஒரு தரகர் சொல்லித்தான், இரண்டு மைல் தள்ளிக் கடலோரமாகத் தங்கசேரிக்குப் போனேன். பழைய கோட்டைச் சுவர் ஒன்று இடிந்து கிடக்கிறது. பக்கத்தில் கப்பலுக்கு வழி காட்ட உயரமாக ஒரு விளக்குக் கோபுரம் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரக் கலப்பில் வந்த, கவுன் போட்ட சட்டைக்கார அம்மாள் ஒருத்தி தன் வீட்டு முன்னறையைக் கடையாகத் தரச் சம்மதித்தாள். மாதம் இரண்டு ரூபாய், கொல்லத்தில் கேட்டதில் பாதிகூட இல்லை.

அந்த ஊர் எனக்கு ஏனோ பிடித்துப்போயிற்று. வழி முழுக்க நம் ரூபாயை மகாராஜா சீமைக் காசான சக்கரமாக, ரூபாய்க்கு இருபத்தெட்டரை என்று மாற்றி மாற்றிக் கை சலித்திருந்தேன். அந்த அம்மாள் நம் ரூபாயை அப்படியே வாங்கிக்கொண்டாள். தெருமுனையில் நம் ஊரில் இருக்கிற அதே தபால் பெட்டி. இவ்வளவு தூரம் வந்தும் வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டேனே தவிர, ஏன் என்று யோசிக்கவில்லை. வேட்டியைத் தொங்கவிட்டேன். ஒரு வாரம் உட்கார்ந்து முக்கால் பொதி விற்றேன். மீதியை அந்த அம்மாள் பொறுப்பில் விட்டுவிட்டு, ஊருக்குக் கிளம்பினேன்.

கடைக்குப் பின்பக்கம் கடல். அதைப் பற்றி இந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட எழுத மாட்டேன். காரணம் கடைசியில் வரும்.

வள்ளிக்கு இரண்டு தகரம் தேங்காய் எண்ணெய் வாங்கினேன். வீடு வந்ததும் செல்லம் வீட்டுக்கும் ஒரு பங்கு அனுப்பச் சொன்னேன். அதைச் சொல்வதில் இருக்கிற சுகம் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மாசிக் கடைசியில் காரியஸ்தர் வந்தார். நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளை, நெற்றி நிறைய விபூதி, பேச்சு நம்மைவிடத் தமிழ். மாமா கடையில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்தோம். எங்களில் யாருக்கு அவர்கள் பக்கம் கடை இருக்கிறது என்று அவர் கேட்டு வாய் மூடவில்லை, நான் முந்திக்கொண்டேன்.

"எனக்கு இருக்கு. தம்பிக்கு இல்ல. தம்பி கடை செங்கோட்டையில இருக்கு. என் கண்ணால பாத்தேன். தம்பி மலையவே ஏறுனது கெடையாது. மூணு வருசமா ஊரை ஏமாத்திக்கிட்டு வாராரு."

முத்தையா முகம் சுருங்கிப்போயிற்று.

"வாஸ்தவந்தான் மாமா" என்றார் மெதுவாக. "எனக்கு மலையேத்தம் ஒத்துக்கிடாது. மலையாளத்தார்னு ஊருல சொன்னாக. கேக்க நல்லா இருந்துச்சு, விட்டுட்டேன். தப்புத்தான்."

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா காரியஸ்தரைப் பார்த்தார். காரியஸ்தர் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்து சிரித்தார்.

"செங்கோட்டை எங்க மகாராஜா ராஜ்யம்லா! மலைக்கு எந்தப் பக்கம் இருந்தா என்ன? நான் பொறந்த நாகர்கோவிலும் இந்தப் பக்கந்தான். எங்க மொதலாளி மலையாளத்துல கடை வேணும்னா சொல்லி அனுப்பினாரு? திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குள்ள கடை இருக்கணும்னாரு. சரக்குல குத்தம் கொறைன்னா எங்க கோர்ட்டுல பிராது குடுக்கணும் பாரும். ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்க ஆள எங்க கோர்ட்டு கூப்பிட முடியுமா?"

மாமா தாடையைச் சொறிந்தார். "சமஸ்தானம்னுதான் சொல்லிவிட்டாக. நாந்தான் நம்ம வழக்கத்துல மலையாளம்னு சொல்லிட்டேன்" என்றார்.

அப்போதும் எனக்குப் பயமில்லை. செங்கோட்டையே சமஸ்தானம் என்றால் கொல்லம் எவ்வளவு சமஸ்தானம்! காரியஸ்தர் என் பக்கம் திரும்பினார்.

"உம்ம கடை எங்க?"

"கொல்லத்தத் தொட்டாப்ல, தங்கசேரி."

"தங்கசேரியா?" அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது இங்கிலீஷ்காரன் எடம்லா. கொல்லத்துக்கு நடுவுல துண்டா ஒரு சின்னக் கோட்டை. எங்க சேவகன் அந்த எல்லைக்கல்லத் தாண்ட முடியாது, எங்க கோர்ட்டு அங்க செல்லாது. நீரு மலையேறி எறங்கி, ராஜ்யம் முழுக்க நடந்து, கடைசியில உம்ம சீமையிலயே போயிக் கடை போட்டிருக்கீரு!"

சிரிப்பு கடை முழுக்கப் பரவிற்று. மாமா சிரித்தார். வெளியே நின்ற காசிம் ராவுத்தரும் சிரித்தார். முத்தையா மட்டும் சிரிக்கவில்லை. அதற்காக அவர் மேல் எனக்கு இன்னும் அதிகமாகக் கோபம் வந்தது. கொள்முதல் அவர் கைக்குப் போயிற்று. மாமா கல்லாப்பெட்டிச் சாவியை அவர் பக்கம் நகர்த்தினார்.

இனிப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மலையாளம் என்று ஒரு ராஜ்யம் கிடையாது. திருவிதாங்கூர் ஒரு மகாராஜாவுடையது. அது செங்கோட்டையிலும் நாஞ்சில் நாட்டிலும் மலைக்கு இந்தப் பக்கமும் இருக்கிறது. அதற்கு வடக்கே கொச்சி, அது வேறு ராஜா, வேறு சட்டம். அதற்கும் வடக்கே மலபார், அது நம்மைப் போலச் சென்னைக் கவர்னருக்குக் கீழே இருக்கிற ஜில்லா. இதற்கு நடுவே தங்கசேரி, அஞ்சுதெங்கு, கொச்சிக் கோட்டை என்று இங்கிலீஷ்காரர் துண்டுகள் உண்டு. சமஸ்தானத்தில் நம் தபால் கார்டை "அஞ்சல்" என்று எழுதிய பெட்டியில் போடாதீர்கள். அது அவர்களுடைய தனித் தபால். புகையிலை வேண்டாம். எந்த ஊரில் காலை வைத்தாலும் இது யார் சீமை என்று முதலில் கேளுங்கள். சக்கரத்தை மாற்ற வேண்டியிராத இடத்தில் இரண்டு தடவை கேளுங்கள்.

இப்போது ஊரில் என்னைத்தான் மலையாளத்தார் என்கிறார்கள். முத்தையா மலை ஏறாத விஷயம் பரவியதும் பேர் இடம் மாறிவிட்டது. கடை அவருக்கு, பேர் எனக்கு. வள்ளி மட்டும் அப்படிக் கூப்பிடுவதில்லை. எண்ணெய் தேய்க்கும்போது தங்கச்சி முடியை நினைத்துப் பெருமூச்சு விடுவதையும் நிறுத்தவில்லை.

போன வாரம் சாயங்காலம் முத்தையா வீட்டுக்கு வந்தார். கையில் வறுவல் பொட்டலம். செங்கோட்டைக் கடையில் பாதிப் பங்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். யோசிக்கிறேன் என்றேன். பிறகு வள்ளி உள்ளே போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"அண்ணாச்சி, கடலு எம்புட்டுப் பெருசு இருக்கும்? நீங்க பாத்துட்டியளே. எனக்குன்னு இந்தச் சென்மத்துல ஏலாது. மலையத் தாண்டுனவன் எவனப் பாத்தாலும் எனக்கு வயிறு எரியுது. உங்களப் பாத்தாக் கூடுதலா எரியுது."

மூன்று வருஷமாக நான் எரிந்த எரிச்சல் அப்படியே அவர் முகத்தில் இருந்தது. நான் வறுவலில் ஒன்றை எடுத்துக் கடித்தேன். நல்ல ருசி.

"என்னமோன்னு நெனைக்காதிய தம்பி. பெருசா ஒண்ணுமில்ல" என்றேன். "நம்ம பெரிய கண்மாய் இருக்குல்லா, அம்புட்டுத்தான்."

அவர் நம்பிக்கொண்டு போனார். இந்தக் கட்டுரையை அவரும் வாசிப்பார். அதனால் கடலைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை.